துணைவர் என்ற இடத்தில்

"சார் வரலையாம்மா" என்று கேட்டுவிட்டு அந்தப் போட்டோக்காரன் அடுத்த வரிசைக்குப் போய்விட்டான். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். இருக்கார்ப்பா, எங்கேயோ இருக்கார், நீ போய்க் கூட்டிக்கிட்டு வா என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எப்போதும் இப்படித்தான், ஆள் கடந்து போன பிறகுதான் வாயில் வார்த்தை வந்து நிற்கும், பிறகு அது போக இடம் தெரியாமல் நாள் முழுக்க உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஓய்வு பெற்றவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டில் பெயர் பதிகிறோம் என்று முகாம் போடுகிறவர்கள் அதற்குக் கல்யாண மண்டபத்தையா பிடிக்க வேண்டும், திருச்சியில் வேறு கூடமே இல்லையா. வாசலில் வாடிப்போன வாழைமரம் இன்னும் கட்டியபடியே நிற்கிறது. உள்ளே வந்தால் நேற்றைய கல்யாணத்துச் சாம்பார் வாசனையும் நசுங்கிய சம்பங்கி வாசனையும். மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலி இரண்டையும் எடுக்கவில்லை, அதில்தான் ஜோடி ஜோடியாக உட்கார வைத்துப் படம் எடுக்கிறார்கள், காப்பீட்டு அட்டையில் ஓய்வூதியரும் துணைவரும் சேர்ந்த படம் வர வேண்டுமாம். "கொஞ்சம் ஒட்டி உக்காருங்க சார், அம்மா பக்கம் சாயுங்க" என்கிறான் போட்டோக்காரன், அறுபது வயதுக்காரர்கள் வெட்கப்படுகிறார்கள், கீழே இருப்பவர்கள் சிரிக்கிறார்கள், ஒரு வாத்தியார் மாதிரி இருந்தவர் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு மனைவியின் தோளில் கையே போட்டுவிட்டார், அதற்குக் கைதட்டல் வேறு. எனக்கும் ஒரு நிமிஷம் சிரிப்பு வந்தது, பொய் சொல்வானேன். அப்புறம்தான் அவன் என்னிடம் வந்து சார் வரலையாம்மா என்றான்.

என் பக்கத்தில் செண்பகம் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காற்றாடி எங்கள் தலைக்கு நேர் மேலேதான் சுற்றுகிறது, ஆனாலும் அவளுக்குக் காற்று போதவில்லை, அதை நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் இருந்து இந்த நாற்காலி வரைக்கும் நடந்து வந்ததற்கு அவளுக்கு இன்னும் மூச்சு அடங்கவில்லை. மூக்கின் ஓரம் வெளுத்திருக்கிறது, உதட்டில் லேசாக நீலம் பூத்த மாதிரி இருக்கிறது, இல்லை, அது வெளிச்சம், மண்டபத்துக் கண்ணாடியில் நீலக் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். "என்ன அண்ணி அப்படிப் பாக்குறீங்க" என்றாள். "ஒண்ணுமில்ல, பொட்டு கோணலா இருக்கு" என்றேன். இதய வால்வு சுருங்கிப்போச்சு, மாத்தித்தான் ஆகணும், ரொம்ப தள்ளிப் போடாதீங்க என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டில் நான் காதால்தான் வாழ்கிறேன். மத்தியானம் முன்னறையில் அவள் ரவிக்கை தைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், மெஷின் ஓடுகிறவரைக்கும் எனக்கு நிம்மதி, அது நின்றால் கையில் இருக்கிற கரண்டி நின்றுவிடும். நூல் அறுந்திருக்கும், ஊசி மாற்றுவாள், அல்லது வாசலில் யாராவது வந்திருப்பார்கள், அது எனக்கும் தெரியும், ஆனாலும் மறுபடி அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் குழம்பு அடிப்பிடித்தாலும் கிண்ட மாட்டேன். ஒருநாள் போய்ப் பார்த்தால் துணியின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள். "அசதியா இருந்துச்சு" என்றாள். துணியில் குங்குமம் ஒட்டியிருந்தது. யாருடைய ரவிக்கையோ, கறை போகவில்லை, அந்த அம்மாளுக்குப் புதுத் துணி வாங்கிக் கொடுத்தோம்.

செண்பகம் என் நாத்தனார். இதை யாரிடமாவது சொன்னால் ஓ அப்படியா என்று கேட்டுவிட்டு உடனே அவள் அண்ணனைத் தேடுவார்கள், கண் எங்கள் இருவருக்கும் பின்னால் போகும், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். தேவராஜன் போய் எத்தனை காலம் ஆகிறது. டைப்ரைட்டிங் படிக்கிறதற்காக எங்களோடு வந்து தங்கியிருந்தாள் இவள், தாவணி போட்டுக்கொண்டிருந்த வயது. ஓசூரில் நல்ல வேலை கிடைச்சிருக்கு, வீடு பாத்துட்டுக் கூட்டிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார் அவர். வீடு பார்த்தார். அதில் வைக்க வேறு ஆளும் பார்த்தார். என் மாமனார் வந்து முன்னறையில் உட்கார்ந்து, நடந்தது நடந்துபோச்சு, பொண்ண நான் அழைச்சிக்கிட்டுப் போறேன் என்று இவளைக் கூப்பிட்டார். பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன், நீ போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை, அவர்கள் வீட்டுப் பெண். அப்போது இவள் சொன்னாள், "அண்ணன் போயிட்டான், நானும் போயிட்டா அண்ணி யாரோட சாப்பிடுவாங்கப்பா." அவ்வளவுதான் சொன்னாள். பெரிய தியாகம் மாதிரியெல்லாம் சொல்லவில்லை, சாயங்காலம் டிபன் என்ன என்று கேட்கிற குரலில் சொன்னாள். மாமனார் கோபித்துக்கொண்டு வெறும் கையோடு போனார். வந்த வரனெல்லாம் அண்ணியை விட்டு வரமாட்டாளாமே என்று திரும்பிப் போனது, ஒன்றிரண்டு வரனுக்கு நானே கெஞ்சினேன், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வேண்டுமென்றே சட்னி கறை பட்ட புடவையோடு வந்து நின்றாள் கழுதை. எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள், நான் மயக்க மருந்துக்குக் காத்துக்கொண்டு படுத்திருக்கிறேன், வாசலில் இவள் குரல் கேட்கிறது, "நான் அவங்க கூடப் பொறந்த தங்கச்சி." ஒரு தடுமாற்றம் இல்லை. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே நான் தூங்கிப்போனேன்.

இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது. எங்கேயும் இல்லை. நில அளவை அலுவலகத்தில் உட்கார்ந்து ஆயுசு முழுக்க ஊரார் நிலத்துக்கு எல்லை போட்டேன், அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் எந்த வரப்பு எவனுக்கு என்று மையால் கோடு போட்டுக் கொடுத்தேன், என் கோட்டை வைத்துக்கொண்டு எத்தனை பேர் கோர்ட்டில் ஜெயித்திருப்பார்கள். ஆனால் என் பணிப் பதிவேட்டில் துணைவர் என்ற இடத்தில் தேவராஜன் என்று எழுதியது எழுதியபடியே இருக்கிறது. பெயரை எடுங்கள் என்று கேட்டேன், கேட்காமல் இல்லை. கோர்ட் உத்தரவு கொண்டு வாங்க என்றார்கள். வக்கீலிடம் போனால் தேவராஜன் எங்கே இருக்கிறார் என்று விலாசம் கேட்டார், விலாசம் தேடினால் அது மாறியிருந்தது, அப்புறம் மாமனார் காலில் விழாத குறையாக, என் கண்ணுக்கு முன்னால இந்தக் குடும்பம் கோர்ட்டுக்குப் போக வேணாம்மா என்றார், அப்புறம் அவர் போய்ச் சேர்ந்தார், அப்புறம் இனிமேல் என்ன என்று ஆகிவிட்டது. இனிமேல் என்ன. இந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே என்னை அறுபது வயதுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், கொண்டுவந்து கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

தனியார் காப்பீடாவது எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். எனக்கு அரசாங்கக் காப்பீடு இருக்கும், அது போதாமல் போனால் கைகொடுக்கத் தனியாரில் ஒன்று, அதிலேயே செண்பகத்தையும் சேர்த்துவிடலாம் என்று எதிர்வீட்டு அம்மாள் சொல்லி ஒரு ஏஜெண்டு வந்தான். சில்வஸ்டர் என்று பெயர், சென்ட் வாசனை. அம்மா, அம்மா என்று வாக்கியத்துக்கு வாக்கியம். எங்க அம்மாவுக்கும் இதே பாலிசிதாம்மா. காப்பி நல்லாருக்கும்மா. நான் செண்பகத்தின் வால்வு விஷயத்தைச் சொன்னேன். மறைக்கச் சொல்லி எதிர்வீட்டு அம்மாள் கண்ணடித்தாள், எனக்கு மறைக்கத் தெரியாது. அவன் முகத்தில் ஒரு விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்த்தேன். "ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கு வராதுங்க மேடம்" என்றான். அம்மா போய் மேடம் வந்துவிட்டது. சில வருஷம் பணம் கட்டிக்கொண்டே வந்தால் அதற்கப்புறம் வருமாம். அதுவரைக்கும் அவள் வால்வு காத்திருக்குமா என்று கேட்டேன். "அது கம்பெனி ரூல்ஸுங்க மேடம்." நோய் இல்லாதவனுக்குத்தான் கொடுப்பார்களாம், நோய் வந்தவனுக்குக் கொடுக்க மாட்டார்களாம், இது என்ன நியாயம், குடை மழை பெய்யாத அன்றைக்கு மட்டும்தான் விற்பனைக்கு என்றால் அது என்ன கடை. பாதிக் காப்பியை வைத்துவிட்டுப் போனான். செண்பகம் தம்ளரைக் கழுவிக்கொண்டே, "விடுங்க அண்ணி, நல்ல பையன்தான், பாவம், டார்கெட் இருக்கும்" என்றாள். இவளுக்கு எல்லாரும் பாவம். அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனோம், அங்கேயும் முதலில் கேட்டது உங்ககிட்ட கார்டு இருக்கா என்றுதான்.

"மங்கையர்க்கரசி, நில அளவை" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். எழுந்தபோது முழங்கால் சொடுக்கியது. செண்பகமும் எழுந்தாள், உட்காரு என்றேன், உட்காரவில்லை. பந்தி பரிமாறுகிற நீள மேஜையைத்தான் கவுண்ட்டராக வைத்திருக்கிறார்கள், அதன் பின்னால் கம்ப்யூட்டரோடு ஒரு பெண், கழுத்தில் யாழினி என்று அட்டை, காலையிலிருந்து பேசிப் பேசிக் குரல் கம்மியிருந்தது. என் ஆதாரைப் பார்த்தாள், தட்டினாள். "சார் ஏற்கெனவே பதிஞ்சிட்டாரேம்மா" என்றாள். எந்த சார். "உங்க வீட்டுக்காரர்தாம்மா. தேவராஜன். போன வாரம் ஓசூர் முகாம்ல வந்து ஆதாரும் கல்யாணச் சான்றும் குடுத்திருக்கார். படமும் எடுத்தாச்சு, உங்க ஆதார் படத்தோட சேத்துக்கலாம். நீங்க ரேகை வச்சா கார்டு வந்துடும்." அவளுக்கு அது நல்ல செய்தி, வேலை பாதி முடிந்தது என்கிற முகத்தோடு திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். எனக்கு முதலில் யாரென்றே தெரியவில்லை. யாரோ ஒரு கிழவர். கன்னம் ஒட்டி, வெள்ளைத் தாடி, காலர் கழுத்தைவிட்டு விலகி நிற்கிறது. அப்புறம் அந்தப் புருவம். இடது புருவத்தைத் தூக்கிக்கொண்டு, எதிரில் இருப்பவன்தான் தப்பு செய்தான் என்கிற மாதிரி ஒரு பார்வை, காப்பியில் சர்க்கரை குறைந்தால் பார்ப்பாரே அதே பார்வை. என் பிறந்த நாள் என்றைக்கு என்று ஒரு வருஷமாவது ஞாபகம் வைத்திருப்பாரா. அறுபது எப்போது ஆகும், ஓய்வு எப்போது பெறுவாள் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். நான் வேலையில் இருந்தபோதும் காப்பீடு இருந்தது, அப்போது வரவில்லை, அப்போது உடம்பு தெம்பாக இருந்தது, அப்போது நான் எதற்கு. இன்னும் அவர் அவர் என்கிறேன் பார், மனசுக்குள்கூட மரியாதை குறையாமல். அவன். அவன் வந்திருக்கிறான். அவன் பெயர் பதிந்திருக்கிறான். ஒரு போன் இல்லை, ஒரு கடுதாசி இல்லை, இந்தா உயிரோடு இருக்கிறேன், நீ இருக்கிறாயா என்று ஒரு வார்த்தை இல்லை, நேரே வந்து என் பெயருக்குப் பக்கத்தில் புருவத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணன் ரொம்ப இளைச்சிட்டான் அண்ணி" என்றாள் செண்பகம், என் தோளுக்குப் பின்னாலிருந்து. எனக்கு எரிந்தது. "இளைச்சா இளைக்கட்டும்" என்றேன், சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, பக்கத்துக் கவுண்ட்டர்காரர் திரும்பினார். இவள் வாய் திறந்து மூச்சு விடுகிறாள், இவள் அவனுக்காகப் பரிதாபப்படுகிறாள். "இவர் என்னோட இல்லம்மா. ரொம்ப வருஷமா இல்ல. பேரை எடுத்துடுங்க" என்றேன் யாழினியிடம். விவாகரத்து ஆகிவிட்டதா என்றாள். இல்லை. "அப்ப எடுக்க முடியாதும்மா, சிஸ்டமே விடாது." நான் ரேகை வைக்காவிட்டால்? "உங்க கார்டும் வராதும்மா. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் ஒரே கார்டு." ஒரே கார்டு. ஒரே வீடு இல்லை, ஒரே சோறு இல்லை, ஒரே கார்டு. எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது, கண்ணில் பிரஷர் என்று சொட்டு மருந்து விடுகிறேன், நாளைக்கு நான் விழுந்தால் செண்பகம் என்னைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவாள், இருக்கிற மூச்சையும் விட்டுவிடுவாள். அந்த நினைப்புதான் என் கையை மேஜை மேல் கொண்டுபோனது, வேறெதுவும் இல்லை, அவன் மேல் இரக்கமும் இல்லை, மன்னிப்பும் இல்லை, இதை யாராவது மன்னிப்பு என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். கட்டைவிரலை வைத்தேன். விழவில்லை. மறுபடி வைத்தேன். விழவில்லை. "பேப்பர் புரட்டிப் புரட்டி ரேகை தேஞ்சிருக்கும்மா, அழுத்துங்க" என்று யாழினி என் விரலைப் பிடித்து அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. தேவராஜனுக்கு இனிமேல் என்ன வியாதி வந்தாலும் கவலையில்லை.

"சரி, இவளுக்கு" என்றேன். இவங்க யாரு என்றாள். என் நாத்தனார், சின்ன வயசிலிருந்து என்னோட இருக்கா, வேற யாரும் கிடையாது, நான்தான் பாத்துக்கிறேன், என் பென்ஷன்லதான் சாப்பிடுறா, அதுல சேத்துக்கோங்க. யாழினி தலையை ஆட்டினாள், சங்கடமாகத்தான் ஆட்டினாள். நாத்தனாருக்கு இடம் கிடையாது. கூடப் பிறந்த தங்கையாக இருந்தாலும் கிடையாது. துணைவருக்கு மட்டும்தான். "துணைன்னா என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டேன். அந்தப் பெண் என்ன சொல்வாள், அவள் வயது என் வேலையின் வயதுகூட இல்லை. பின்னால் வரிசையில் ஒருவர் செருமினார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள், "ஒண்ணு பண்ணலாம்மா. ஏழைகளுக்கான காப்பீடு தனியா இருக்கு, வால்வு ஆபரேஷன் அதுல வருது. ஆனா உங்க ரேஷன் கார்டுல இருந்தா குடுக்க மாட்டாங்க, நீங்க பென்ஷன்காரங்க. இவங்க பேரைப் பிரிச்சுத் தனிக் கார்டு போடணும். ஆதரவற்றவர், தனியா வசிக்கிறேன்னு இவங்க எழுதிக் குடுக்கணும். அதுக்கும் இந்த மேஜைதான், அந்தக் கோடியில ஆள் இருக்கார், இன்னைக்கே எழுதிக் குடுத்துடலாம்." பொய் சொல்லச் சொல்றீங்களாம்மா என்றேன். "சட்டப்படி பொய் இல்லம்மா" என்றாள் யாழினி. "சட்டப்படி இவங்களுக்கு யாருமில்லதான்." அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஓசூரில் இருக்கிறவன் எனக்கு எல்லாம், பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறவள் எனக்கு யாருமில்லை, இதில் பொய் எதுவும் கிடையாது, எல்லாம் சுத்தமான உண்மை, சீல் வைத்த உண்மை.

மேஜையின் அந்தக் கோடியில் இருந்தவர் வாசகத்தைச் சொல்லச் சொல்ல செண்பகம் எழுத வேண்டும். அவள் எழுத்து குண்டு குண்டாக இருக்கும், துணியில் சாக்பீஸால் அளவு போட்டுப் பழகிய கை. செண்பகவல்லி ஆகிய நான், என்று எழுதினாள். எனக்கு ஆதரவாக யாரும் இல்லை என்று அவர் சொன்னார். பேனாவை வைத்துவிட்டாள். "எழுதுங்கம்மா." எழுதவில்லை. "மாட்டேன் அண்ணி" என்றாள். என்னடி மாட்டேன். அவளை நான் ‘டி’ போட்டுக் கூப்பிட்டதே இல்லை, இருவருக்கும் திடுக்கென்றது. "ஆபரேஷன்ல எனக்கு ஏதாவது ஆயிட்டா இந்தக் காகிதம்தானே நிக்கும்? இவளுக்கு யாருமில்லன்னு என் கையெழுத்துல நிக்கும். அண்ணி, நான் அநாதையா?" இவ்வளவு நேரம் யாழினி மேல், ஏஜெண்டு மேல், ஓசூர்க்காரன் மேல், யார் மேல் என்றே தெரியாத அந்தச் சிஸ்டம் மேல் இருந்த கோபமெல்லாம் ஒன்றாகத் திரண்டு இவள் மேல் போய் விழுந்தது. "காகிதத்துக்கு என்னடி தெரியும்! அநாதைன்னு எழுது, பிச்சைக்காரின்னு எழுதச் சொன்னாலும் எழுது! நான் செத்துட்டேன்னு எழுதணுமா, எழுது! நீ மூச்சு விடணும், எனக்கு அது போதும். நீ போறதுக்கா நான் அவன் மூஞ்சிக்குப் பக்கத்துல விரலை வச்சிட்டு வந்து நிக்கிறேன்?" மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேடையில் ஒரு ஜோடி படத்துக்கு உட்கார்ந்தபடியே பார்த்தது. யார் பார்த்தால் என்ன. வாழ்நாள் முழுக்க ஆள் போன பிறகே வாய் திறந்தவள் நான், இன்றைக்கு ஆள் இருக்கும்போதே திறந்தேன். செண்பகம் என்னையே பார்த்தாள். கண்ணில் நீர் நின்றது, விழவில்லை. பேனாவை எடுத்து, எனக்கு ஆதரவாக யாரும் இல்லை என்று எழுதினாள். நிறுத்தி நிறுத்தி, எழுத்துக்கு எழுத்து மூச்சு விட்டு எழுதினாள்.

முடிந்தது என்று நினைத்தேன். அவர் இன்னொரு தாளை என் பக்கம் நகர்த்தினார். "நீங்களும் ஒண்ணு எழுதணும்மா. மேற்படி நபர் என் குடும்பத்தைச் சேர்ந்தவர் இல்லைன்னு. ஒரே கதவு எண்ல இருக்கீங்க இல்ல, உங்க வீட்டுல வாடகைக்கு இருக்காங்கன்னு போட்டுடுங்க. கிராம நிர்வாக அலுவலர் வந்து பாக்குறப்ப அடுப்பு தனியா இருக்கட்டும்." எனக்கென்ன, எழுத்து என் தொழில், கையை மேஜையில் ஊன்றினால் கோடு ஆடாமல் போகும். மங்கையர்க்கரசி ஆகிய நான், என் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் செண்பகவல்லி என்பவர். என்பவர் வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் கை போகவில்லை. தலைக்கு மேல் காற்றாடி, சம்பங்கி வாசனை, என் புடவைத் தலைப்பில் அவள் தைத்துக் கொடுத்த ஓரம். அண்ணி யாரோட சாப்பிடுவாங்க. நான் கூடப் பொறந்த தங்கச்சி. என்பவர். இதைத்தானே இப்போது அவளை எழுதச் சொன்னேன், அத்தனை பேர் முன்னால் கத்தி எழுத வைத்தேன், காகிதத்துக்கு என்ன தெரியும் என்றேன். காகிதத்துக்கு ஒன்றும் தெரியாது, எழுதுகிற கைக்குத் தெரிகிறது. அப்போது அவள் குனிந்து என் காதருகில், "எழுதுங்க அண்ணி, நான் எழுதலையா" என்றாள், சாயங்காலம் டிபன் என்ன என்று கேட்கிற அதே குரல். எழுதினேன். என் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்ல. அல்ல என்பதில் பேனா முனை தாளைக் கிழித்துக்கொண்டு கீழே இருந்த பிளாஸ்டிக் விரிப்பில் இறங்கியது. "பரவால்லம்மா, எழுத்து தெரியுது" என்று அவர் சீல் வைத்துக்கொண்டார். கார்டு வந்ததும் போன் வரும், ஆஸ்பத்திரியில் காட்டினால் போதும், ஆபரேஷனுக்கு நாள் கொடுத்துவிடுவார்கள் என்றார். நாள் கொடுத்துவிடுவார்கள். நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், அவர் என்ன செய்வார், ஆனால் சொல்லவில்லை.

மண்டபத்துப் படியில் இறங்கும்போது செண்பகத்தால் முடியவில்லை. பாதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன், எலும்பு ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்பட்டது, உள்ளே அது அடித்துக்கொள்கிற வேகம் உள்ளங்கைக்குத் தெரிந்தது. ஓடு, ஓடு, இன்னும் கொஞ்ச நாள் ஓடு. வெயில் சுள்ளென்று இருந்தது. சற்றுமுன் மேடையில் கைதட்டல் வாங்கிய வாத்தியாரும் மனைவியும் இறங்கி வந்தார்கள். அந்த அம்மாள் நின்று, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். செண்பகம் ஒரு வாய் குடித்தாள், மூச்சு விட்டாள், இன்னொரு வாய் குடித்தாள். "பாவம், முடியாதவங்களை அலைய விடுறாங்க. நீங்கதான் பாத்துக்கிறீங்களா? உங்களுக்கு இவங்க என்ன வேணும்?" என்று என்னைக் கேட்டார் அந்த அம்மாள். நாத்தனார் என்று சொன்னால் அதில் அவன் இருக்கிறான். தங்கை என்று சொல்ல இவளுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை. குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்ல என்று எழுதிய மை இன்னும் காய்ந்திருக்காது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, இந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையைக்கூட மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்களே என்று. செண்பகம் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். இழுத்து இழுத்து மூச்சு வாங்கியபடி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னாள்:

"இவங்க எங்க வீட்டுக்காரங்க."

வாத்தியார் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் ஒரு கணம் புரியாமல் நின்றுவிட்டு, பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். "ஓ, வாடகைக்கு இருக்கீங்களா. குடியிருக்கிறவங்களுக்காக இப்படி அலையிற வீட்டுக்காரங்க இந்தக் காலத்துல யாருக்குக் கிடைப்பாங்க" என்றார்.

"யாருக்கும் கிடைக்க மாட்டாங்க" என்றாள் செண்பகம், என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தபடி.